காலமறிந்து இடும் தீ

நாம் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில், "மேய்ச்சல் தரைக்குத் தீ வைப்பது நன்றா, தீதா?" என்று கால்நடை வளர்க்கும் அங்கத்தினர்கள் வினவுவதுண்டு. தீ இடப்படும் காலத்தை அறியாமல் இதற்கு விடை கூற இயலாது. வட ஆஸ்திரேலியாவிலுள்ள மேற்கு ஆர்னெம் லாந்து இதனை நன்கு விளக்குகிறது.

புல்லும் மரமும் கலந்த அந்நிலத்தில் மழைக்காலத்துப் புல் ஆளுயரம் வளரும். ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை மழை அரிது. அங்குள்ள பழங்குடி மக்கள் வறட்சியின் தொடக்கத்திலேயே ஆங்காங்கே தீ வைப்பர். அப்போது புல்லில் ஈரம் எஞ்சியிருக்கும். இரவில் பனியும் இறங்கும். ஆகவே தீ தாழ்ந்து எரிந்து தானே அணைந்துவிடும். எரிந்த திட்டுகள் பின்னர் எழும் பெருந்தீக்குத் தடையாக நிற்கும்.

இருபதாம் நூற்றாண்டில் அம்மக்களிற் பெரும்பாலோர் பாதிரிமார் குடியிருப்புகளுக்கும் நகரங்களுக்கும் பெயர்ந்தனர். நிலத்தைப் பேண ஆளில்லாமற் போயிற்று. ஆயினும் தீ குறையவில்லை. வறட்சியின் கடைசி மாதங்களில் மூண்ட பெருந்தீ, பரந்த நிலப்பரப்பையும் மரங்களையும் அழித்தது.

பின்னர் முதியோரின் அறிவும் விஞ்ஞானிகளின் அளவீடும் ஒன்றுசேர்ந்தன. 2006-இல் சுமார் 28,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கூட்டுத் திட்டம் தொடங்கிற்று. பருவத் தொடக்கத்தில் தீ வைப்பதால் எரியும் பரப்பு குறையும். மீத்தேன், நைட்ரஸ் ஆக்ஸைடு ஆகிய வாயுக்கள் வெளிப்படுவதும் குறையும். இக்குறைவுக்கு ஈடாக, டார்வின் நகரத்துத் திரவ எரிவாயு ஆலை நிறுவனம் 17 ஆண்டுகளுக்குப் பணம் தர உடன்பட்டது. ஆண்டுதோறும் சுமார் 1 லட்சம் டன் கரியமில வாயுவுக்கு நிகரான குறைவு இலக்காகக் கொள்ளப்பட்டது. முன்னோர் முறை இவ்வாறு கூலி தரும் தொழிலாகவும் ஆயிற்று.

மேய்ச்சலுக்கு இன்னொரு விதி உண்டு. தீக்குப்பின் எழும் இளந்தளிரை மாடுகள் விரும்பி மேயும். உடனே மேயவிட்டால் வேர் நலிந்து, நல்ல புல் அருகிவிடும். ஆகவே புல் வேரூன்றித் தேறும்வரை அந்நிலத்துக்கு ஓய்வளித்தல் இன்றியமையாதது.

நம் நாட்டில் காப்புக் காடுகளில் தீ வைப்பது குற்றமாகும். ஆதலின் அம்முறையை இங்கு அப்படியே கைக்கொள்ளலாகாது. அதன் ஒழுங்கையோ நாம் தயங்காது ஏற்கலாம். தீ எல்லைக்கல்லை அறியாது. அண்டை நிலத்தார் தம்முள் பேசாதிருப்பின் ஒருவர் கவனக்குறைவு அனைவரையும் சுடும். வறட்சி தொடங்குமுன் மேய்ச்சல் தரையை உடையோர் யாவரும் ஒருங்கு கூடி, தீத்தடுப்புக் கோடு வெட்டும் இடத்தையும் காவல் முறையையும் தீர்மானித்துத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்வார்களாக.