விருந்தாளிக்குப் படியளக்கும் அரசுகள்

2025 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கு வாஷிங்டனிலிருந்து தகவல் வந்தது. அங்கே இயங்கிவரும் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு வெளியுறவுத் துறை கொடுத்துவந்த நல்கைகள் அத்தனையும் ரத்து. அரசின் முன்னுரிமைகளோடும் தேசிய நலனோடும் அவை இனிப் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. ஏறத்தாழ 10 லட்சம் டாலர் கைவிட்டுப் போயிற்று. இளைஞர்களுக்கான கோடைக்கால எழுத்து முகாம், இணையவழி வகுப்புகள், வளரும் எழுத்தாளர்களுக்கு மூத்தவர்கள் துணைநிற்கும் ஏற்பாடு எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நடக்கும் ரெசிடென்சிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையையும் ஏறக்குறைய பாதியாகக் குறைக்க வேண்டிவந்தது.

அமெரிக்க அரசின் வரவு செலவில் 10 லட்சம் டாலர் கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் சிக்கனம் என்ற பேச்சு எழுந்தவுடன் கை முதலில் போவது இப்படிப்பட்ட தொகைகள் மேல்தான்.

ரெசிடென்சி என்பது இதுதான்: ஓர் எழுத்தாளரையோ ஓவியரையோ இசைக்கலைஞரையோ வேற்று நாட்டுக்கு அழைப்பது, விமான டிக்கெட், தங்க வீடு, மாதச் செலவுக்குப் பணம், மருத்துவக் காப்பீடு, தேவைப்பட்டால் ஒரு ஸ்டூடியோ கொடுப்பது, சில வாரமோ ஓராண்டோ அவர் போக்கில் இருக்கவிடுவது. பதிலுக்குக் கேட்பது ஒரு வாசிப்பு, கல்லூரியில் ஓர் உரை, அவ்வளவுதான். நாவலை முடித்துக் காட்டிவிட்டுக் கிளம்பு என்று யாரும் வாசலில் நிற்பதில்லை. வரிப்பணத்தில் ஒரு பாலம் கட்டினால்கூட ஆயிரம் கையெழுத்து வேண்டும். இங்கே ஒப்பந்தமே நம்பிக்கையின் பேரில்தான்.

அயோவா, மக்காச்சோளம் விளையும் மாநிலம். அங்கே உலக இலக்கியம் வந்து குடியேறியதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் பால் எங்கிள், அந்த மண்ணிலேயே பிறந்த கவிஞர். பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற எழுத்துப் பட்டறையை 1941 முதல் கால் நூற்றாண்டு நடத்தியவர். இன்னொருவர் நியே ஹுவாலிங், சீனாவில் பிறந்து 1949இல் தைவானுக்கு வந்த நாவலாசிரியர். தைவானில் அவர் வேலை பார்த்த 'ஃப்ரீ சைனா' பத்திரிகையை 1960இல் அரசு மூடியது. அதை நடத்திய லெய் சென் என்பவரைச் சிறையில் அடைத்தது. நியே 1964இல் அயோவாவுக்கு வந்தார். வெளிநாட்டு எழுத்தாளருக்கென்றே தனியாக ஒரு திட்டம் தொடங்கலாமே என்று எங்கிளிடம் சொன்னவர் அவர்தான். 1967இல் திட்டம் தொடங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

எங்கிள் பணம் திரட்டுவதில் கில்லாடி. வாஷிங் மெஷின் செய்யும் மேடேக், குவேக்கர் ஓட்ஸ், டிராக்டர் செய்யும் ஜான் டியர் என்று அந்த வட்டாரத்துக் கம்பெனிகளின் கதவையெல்லாம் தட்டினார். அரசிடமும் கேட்டார். கம்யூனிசத்துக்கு எதிரான போட்டியில் ஆசிய, ஆப்பிரிக்க அறிவாளிகளின் நல்லெண்ணம் அமெரிக்காவுக்கு வேண்டும் என்பது அன்றைய வாஷிங்டனின் கணக்கு. எங்கிள் அந்தக் கணக்கை மறைக்கவில்லை. பணம் கேட்கும்போது அதையே எடுத்துச் சொன்னார். வெளிநாட்டு எழுத்தாளர்களை அழைத்துவர அவருக்கு உதவிய அமைப்புகளில் ஒன்று ஃபார்ஃபீல்டு அறக்கட்டளை. அது சி.ஐ.ஏ. பணத்தைக் கைமாற்றிவிட வைத்திருந்த முகமூடி என்பது 1960களின் பிற்பகுதியில் அம்பலமானது.

ஆக, பணத்தில் அரசியல் இருந்தது. ஆனால் பணம் கொடுத்தவர் நினைத்தபடி கலைஞர்கள் ஆடினார்களா என்பது வேறு விஷயம். அதே காலத்தில் வெளியுறவுத் துறை ஜாஸ் இசைக்கலைஞர்களை நாடு நாடாக அனுப்பிக்கொண்டிருந்தது. 1956இல் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழு முதலில் போனது. மறு ஆண்டு லூயி ஆம்ஸ்ட்ராங் சோவியத் யூனியனுக்குப் போவதாகப் பேச்சு இருந்தது. லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பின மாணவர்களை நுழையவிடாமல் தடுத்த செய்தி வந்ததும், இந்த அரசின் சார்பில் போக மாட்டேன் என்று அவர் பகிரங்கமாக மறுத்துவிட்டார்.

அயோவாவிலும் நடந்தது ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவின் நண்பன் என்று பெயரெடுத்த தைவானிலிருந்து 1968இல் சென் யிங்சென் என்ற இளம் எழுத்தாளரை அழைத்தார்கள். அவர் கிளம்புமுன் தைவான் அரசே அவரைக் கைதுசெய்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1983இல்தான் அவரால் அயோவாவுக்கு வர முடிந்தது. அமெரிக்காவும் சீனாவும் தூதரக உறவு கொண்ட 1979இல், மக்கள் சீனம், தைவான், ஹாங்காங் மூன்றிலிருந்தும் வந்த எழுத்தாளர்களை எங்கிளும் நியேயும் ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். முப்பது ஆண்டுகளாக அவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்துப் பேச வழியில்லாமல் இருந்தது. எந்த வெளியுறவு அமைச்சகத்தின் நிகழ்ச்சி நிரலிலும் அப்படியொரு சந்திப்புக்கு அன்றைக்கு இடமிருக்கவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்தத் திட்டம் புதிதல்ல. 1973இல் அசோகமித்திரன் அங்கே போய் ஏழு மாதம் போலத் தங்கினார். ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டு ஏழு ஆண்டுகளாகியிருந்த நேரம். 'கணையாழி'யைக் கவனித்துக்கொண்டு எழுத்தை நம்பி வாழ்ந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது 'ஒற்றன்'. நாவல் என்றும் சொல்லலாம், தனித்தனிக் கதைகளாகவும் படிக்கலாம். அமெரிக்காவைப் பற்றிய பிரமிப்பு அதில் கிடையாது. ஒரே கட்டடத்தில் குடிவைக்கப்பட்ட பல நாட்டு எழுத்தாளர்களின் வீம்பு, தனிமை, சில்லறைப் பொறாமை, திடீரென்று காட்டும் அன்பு, இவைதான் இருக்கின்றன. எத்தியோப்பியாவின் அபே குபேக்னா என்ற நிஜ எழுத்தாளர் அதில் ஒரு பாத்திரமாகவே வருகிறார். அயோவாவை நியாயப்படுத்தும் புத்தகமாக எந்த அதிகாரியும் அதை மேலிடத்துக்குக் காட்ட முடியாது. ஆனால் அந்த ஏழு மாதம் இல்லாமல் அந்தப் புத்தகம் இல்லை.

ஓரான் பாமுக் 1985இல் அங்கே இருந்தார். ஹான் காங் 1998இல், மோ யான் 2004இல். மூவருக்கும் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது. இதுவரை 160க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 1,600க்கும் அதிகமானோர் வந்துபோயிருக்கிறார்கள். நோபல் பெற்றவர்களை மட்டும் எண்ணிக்காட்டுவது விளம்பரத்துக்கு உதவும். ஊர் திரும்பி அமைதியாக இரண்டு நல்ல புத்தகம் எழுதியவர்களுக்காகத்தான் உண்மையில் இந்தத் திட்டம்.

அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இதற்கு இணையான கதை பெர்லினில் நடந்தது. 1961இல் சுவர் எழுந்தபின் மேற்கு பெர்லின் தீவாகிவிட்டது. ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். நகரத்தை உயிரோட்டமாக வைத்திருக்க அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை 1963இல் வெளிநாட்டுக் கலைஞர்களை அழைத்துக் குடிவைத்தது. சில ஆண்டுகளில் ஜெர்மனியின் டாட் என்ற கல்விப் பரிமாற்ற நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. ஜெர்மன் வெளியுறவு அமைச்சகமும் பெர்லின் நகர அரசும் பணம் கொடுக்க, ஆண்டுக்கு இருபது பேர் அளவில் இன்றும் வந்து தங்குகிறார்கள்.

முதல் விருந்தாளிகளில் ஒருவர் போலந்தின் விட்டோல்டு கோம்ப்ரோவிச். 1939 முதல் அர்ஜென்டினாவில் முடங்கிக் கிடந்தவர், இந்த அழைப்பின் பேரில்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். எதிரி முகாமின் சோற்றைத் தின்கிறார் என்று போலந்துப் பத்திரிகைகள் அவரைத் தூற்றின. இன்னொருவர் ஆஸ்திரியாவின் இங்கபோர்க் பாக்மன். 1964இல் புஷ்னர் பரிசு பெற்றபோது அவர் ஆற்றிய உரை, தனக்கு இடங்கொடுத்த பெர்லினை நோய்பிடித்த நகரமாக, ஏறக்குறைய ஒரு மனநோய் விடுதியாக வரைந்து காட்டியது. 1973இல் வந்த அமெரிக்கச் சிற்பி எட்வர்டு கீன்ஹோல்ஸ் பெர்லினின் பழஞ்சந்தைகளில் அலைந்து, நாஜிப் பிரசாரம் வீடுதோறும் ஒலித்த மலிவு விலை வானொலிப் பெட்டிகளை வாங்கிக் குவித்தார். அவற்றை வைத்தே சிற்பத் தொடர் ஒன்றைச் செய்தார். மறக்க விரும்பியதைத் தோண்டி எடுப்பவருக்கு ஒரு நாடு தன் செலவில் வீடு கொடுத்தது. ஜெர்மனியைப் பற்றி இதைவிட நல்லதாக எந்தப் பிரசாரப் படமும் சொல்லியிருக்காது.

1987இல் ஹங்கேரியின் லாஸ்லோ கிராஸ்னஹோர்காய் முதன்முறையாகத் தன் கம்யூனிஸ்ட் நாட்டை விட்டு வெளியே வந்ததும் இதே உதவித்தொகையில்தான். அவருக்கு 2025இல் நோபல் கிடைத்தது. இடையில் 38 ஆண்டுகள். சுவரும் அந்த அரசும் காணாமல் போயிருந்தன. ஒரு நிதியாண்டுக்குள் பயன் காட்டு என்று கேட்கும் தணிக்கை அதிகாரிக்கு இதை எந்தக் கட்டத்தில் எழுதிக் காட்டுவது?

கைமேல் பலன் கேட்டுப் பார்த்த அரசும் உண்டு. 1666இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் ரோமில் பிரெஞ்சு அகாதமியை நிறுவினார். கலைப் போட்டியில் பரிசு பெற்ற இளைஞர்கள் அங்கே தங்கலாம். ஆனால் செய்த வேலையைத் தவறாமல் பாரிசுக்கு அனுப்பிக் காட்ட வேண்டும். 1884இல் இந்தப் பரிசை வென்று போன இசையமைப்பாளர் டெபுஸி, அகாதமியின் மாளிகையில் இருந்த காலம் முழுக்கக் கடிதங்களில் புலம்பித் தள்ளினார். அவர் அனுப்பிய ஒரு படைப்பைத் தெளிவில்லாத இசை என்று பாரிசுப் பெரியவர்கள் கண்டித்தார்கள். பிற்பாடு உலகம் அவரைக் கொண்டாடியது அந்தத் தெளிவின்மைக்காகத்தான்.

பணம் யார் கொடுக்கிறார் என்பதைவிட, ஆளை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெர்லினில் பணம் அரசுடையது, தேர்வு நடுவர் குழுவுடையது. அயோவாவுக்கு வெளியுறவுத் துறைப் பணத்தில் வருகிறவர்களை அந்தந்த நாட்டு அமெரிக்கத் தூதரகங்கள் பரிந்துரைத்தன. தூதரகத்தின் கண்ணில் படாத நல்ல எழுத்தாளர் எத்தனை பேர் விடுபட்டிருப்பார்கள் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆட்சி மாறியதும் ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் நிறுத்த முடிந்ததே, அது இந்த அமைப்பின் நிரந்தர பலவீனம். நடுவர் குழு இருந்தாலும் தப்பிவிடலாம் என்று சொல்ல முடியாது. பெர்லின் நகர அரசே 2025க்கான கலைச் செலவில் சுமார் 13 கோடி யூரோவை வெட்டியது. ஐரோப்பிய ஒன்றியமோ எதிர்த் திசையில் போய், 2022இல் 'கல்ச்சர் மூவ்ஸ் யூரோப்' என்ற பெயரில் 2 கோடியே 10 லட்சம் யூரோ ஒதுக்கி, மூன்று ஆண்டுகளில் ஏழாயிரம் கலைஞர்களை நாடு விட்டு நாடு அனுப்பத் திட்டமிட்டது.

இந்தியாவில் மௌலானா ஆசாத் 1950இல் தொடங்கிய கலாசார உறவுக் கழகம் கலைக்குழுக்களை வெளியே அனுப்புவதிலும் வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகை தருவதிலும் முனைப்பாக இருந்துவந்திருக்கிறது. வெளிநாட்டவர் இங்கே வந்து தங்கி வேலைசெய்ய இடம் உண்டாக்கியதில் கலைஞர்களின் முயற்சியே முந்தியது. 1997இல் டெல்லியில் கோஜ், 2008இல் எழுத்தாளருக்கான சங்கம் ஹவுஸ் இரண்டும் அப்படி வந்தவை.

வரிப்பணம் நின்றால் ரெசிடென்சி அடியோடு நின்றுவிடுவதில்லை. வருகிற ஆட்கள் மாறுகிறார்கள். வசதியுள்ள நாடுகளின் கலை மன்றங்கள் தம் எழுத்தாளருக்குத் தாமே செலவுசெய்து அனுப்பிவைக்கும். இடம் இழப்பவர்கள் வேறு. அபே குபேக்னாவின் நாவல் ஒன்றை எத்தியோப்பியப் பேரரசரின் அரசு தடைசெய்திருந்தது. சென் யிங்சென்னைச் சிறையில் வைத்தது அவருடைய சொந்த அரசுதான். இவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்க உள்ளூரில் எந்த மன்றமும் இருந்திருக்காது. அப்படிப்பட்ட நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கான இடங்களை இனி எந்தப் பணத்தில் நிரப்புவது என்பதுதான் அயோவாவின் முன் இப்போது இருக்கும் வேலை; எங்கிளைப் போல மறுபடியும் கதவு கதவாகத் தட்ட வேண்டியிருக்கும்.