பிறவிப் பிழை நாற்பதில் தலைகாட்டுவது ஏன்?

சங்ககிரியில் லாரி ஓட்டியோ, திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வடநாடு சென்றோ, நாற்பது வயது வரை யாதொரு வியாதியும் அறியாது உழைத்த திடகாத்திரமான மனிதர் ஒருவர், படியேறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று வைத்தியரை நாடுகிறார். இரத்தக் குழாயில் அடைப்பு ஏதுமில்லை. இருதயத் தசையே பலம் குன்றி விரிந்திருக்கிறது என்று எக்கோ பரிசோதனை காட்டுகிறது. அவருடைய தகப்பனாரும் ஐம்பதைத் தாண்டாமல் திடீரென்று காலமானவர் என்பது வீட்டாருக்கு அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பரம்பரையாக வரும் தசை நோய்களில் இத்தகையன உண்டு. கருவிலேயே அமைந்துவிட்ட பிழை இத்தனை ஆண்டுகள் எங்கே ஒளிந்திருந்தது?

விடை புரதத்தின் வடிவில் இருக்கிறது. மரபணு விதித்த வரிசைப்படி அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டு நீண்ட சரமாக உருவாகும் புரதம், தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் தன் காரியத்தைச் செய்யும். மடிப்புத் தவறினால் அது பயனற்றுப் போவது மட்டுமன்று, அண்டையிலுள்ள புரதங்களோடு ஒட்டித் திரண்டு உபத்திரவமும் விளைவிக்கும். ஆதலால், சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறையில் ஒட்டுச் சரியில்லாத கொலுசை மீண்டும் உருக்கப் போடுவதுபோல, கோணலான புரதத்துக்கு அடையாளமிட்டு, அதைத் துண்டாக்கி, அமினோ அமிலங்களை மறுபடியும் உபயோகிக்கும் ஏற்பாடு ஒவ்வோர் உயிரணுவிலும் உண்டு. புரோட்டியசோம் என்பது அந்த ஏற்பாட்டின் பிரதான உறுப்பு.

இனி நம் தேசத்து உதாரணத்துக்கு வருவோம். இருதயத் தசையின் சுருக்கத்தை நெறிப்படுத்தும் ஒரு புரதத்துக்குரிய மரபணு, எம்.ஒய்.பி.பி.சி.3 என்பது. அதில் 25 டி.என்.ஏ. எழுத்துக்கள் விடுபட்டிருப்பதை, பெருந்துறை தண்டபாணி, குமாரசாமி தங்கராஜ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2009ஆம் ஆண்டு ‘நேச்சர் ஜெனிட்டிக்ஸ்’ இதழில் விரிவாக ஆராய்ந்து எழுதினர். நோயுற்ற 800 பேரையும் நோயற்ற 699 பேரையும் ஒப்பிட்டபோது, நோயுற்றோரிடமே அக்குறை பன்மடங்கு அதிகமாக இருந்தது. இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதத்தினர் அதைச் சுமக்கின்றனர் என்றும் கணக்கிட்டனர். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் 2011 கணக்குப்படி வாழும் 52 லட்சம் பேருக்கு இதே விகிதத்தைப் பொருத்தினால், இரண்டு லட்சம் பேர் என்றாகும்.

விடுபட்ட எழுத்துக்களால் அப்புரதத்தின் வால்பகுதி முற்றிலும் வேறான வரிசையில் அமைகிறது. தசை இழையைப் பற்றி நிற்கவேண்டிய பகுதி அதுவே. அது மாறியதும் புரதத்தின் வடிவமும் பிடிப்பும் பழுதாகின்றன. இளமையில் உயிரணு அதை உடனுக்குடன் சிதைத்து அகற்றிவிடுகிறது. வயது ஏற ஏற அச்சக்தி குன்றுவதால், பிழையான புரதம் தேங்கித் தசையின் கட்டமைப்பைக் குலைக்கிறது என்பது அவ்வாராய்ச்சியாளர்கள் தந்த விளக்கம். ஆனால் இதைக் கேட்டு அந்த இரண்டு லட்சம் பேரும் கலங்கவேண்டியதில்லை. இக்குறையுடையோரில் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். தசை தடித்துப்போகும் வகை நோயில், அதே மரபணுவில் கூடவே அமைந்த வேறொரு மாற்றமே உண்மையான குற்றவாளி என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிப்பதே விவேகம்.

கை கால் தசைகளில் கதை சற்று விபரீதமானது. ஆல்பா சார்க்கோகிளைக்கான் என்னும் புரதத்தில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறினால், அது அரைகுறையாகவேனும் வேலை செய்யக்கூடியதாக இருந்தும், உயிரணுவின் சோதனையில் தேறாமல் அழிக்கப்பட்டு, இடுப்பும் தோளும் தளரும் தசைச்சிதைவு நோய் உண்டாகிறது. அங்கே தேக்கம் கேடு. இங்கே கண்டிப்பே கேடு! அந்தக் கண்டிப்பைச் சற்றுத் தளர்த்தி, புரதத்தைத் தன் இடம் சேரவிடும் மருந்துகளைத் தேடும் முயற்சி இதனால்தான் பிறந்தது. தசைச்சிதைவு ஆண் குழந்தைகளுக்கே வரும் என்ற எண்ணமும் தவறு. இந்நோயுற்ற இரு சகோதரிகளே சேலத்தில் ஆதவ் அறக்கட்டளையை நிறுவினர்.

மேற்சொன்ன சார்க்கோகிளைக்கான் நோய், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வந்தால்தான் தோன்றும். இருதயக் குறையும் இரு பிரதிகளாக அமையும்போது இளமையிலேயே கடுமையாகக் காண்பதுண்டு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் உள்ள நம் வட்டாரத்தில், ஒரே பாட்டனின் பிழை இரு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு அதிகம். உறவு விட்டுப்போகக் கூடாது என்பதற்கு இது மிகப் பெரிய விலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

குடும்பத்தில் ஒருவர் இளவயதில் இருதயத் தசை நோயால் வாடினாலோ, காரணம் தெரியாமல் திடீரென்று மறைந்தாலோ, அவருடைய உடன்பிறந்தாரும் மக்களும் தங்களுக்கு நோவு ஏதுமில்லை என்று இருந்துவிடாமல், இருதய வைத்தியரிடம் சென்று இ.சி.ஜி.யும் எக்கோவும் ஒருமுறை எடுத்துக்கொள்ளவேண்டும். முதல் சோதனையில் குறை தெரியாவிடினும், வைத்தியர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் செல்லவேண்டும்.