'தோரணம்': சொற்பொருள் மாற்றம் குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

மாவிலையையும் தென்னங்குருத்தோலையையும் கயிற்றில் கோத்து வாயிலில் தொங்கவிடும் அணியை இன்று 'தோரணம்' என்கிறோம். இப்பொருளை அப்படியே பழந்தமிழ் நூல்களுக்கும் கொள்ளும்போது பொருள் மயக்கம் நேர்கிறது. இச்சொல் முதலில் எதைக் குறித்தது, தொங்கும் அணியைக் குறிக்குமாறு எவ்வாறு மாறியது என்பனவற்றை, அதனோடு இயைந்து வரும் வினைகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லின் பிறப்பு

தோரணம் என்பது வடசொல். அதன் மூலப்பொருள் அலங்கார வளைவுடைய வாயில் என்பதாகும். பார்ஹுத் தூபியின் கிழக்கு வாயிலில் உள்ள தனபூதியின் பிராகிருதக் கல்வெட்டு, அக்கல்வாயிலையே தோரணம் எனக் குறிக்கிறது. சாஞ்சிப் பெருந்தூபியின் நான்கு திசைகளிலும் நிற்கும் தோரணங்கள், இரு தூண்களும் அவற்றின்மேல் மூன்று குறுக்கு விட்டங்களும் கொண்டவை. தமிழுக்கும் வடமொழிக்கும் பொதுவான எழுத்துகளால் அமைந்தமையின், நன்னூல் வகைப்பாட்டின்படி இது தற்சமம் ஆகும். ஒலி வேறுபாடு இன்மையால் தமிழ்ச்சொல் போலவே வழங்குகிறது. ஆயினும் 'தொங்கு' என்னும் வினையடியோடு இதனைத் தொடர்புபடுத்துதல் பொருந்தாது. தொங்குதல் இச்சொல்லின் முதற்பொருளில் இல்லை.

இலக்கிய வழக்கு

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை, மாளிகை வாயில்களில் அமைந்த மகர தோரணத்தை வருணிக்கிறது. அங்குத் தோரணத்திற்கு வரும் வினை 'நில்' என்பதன் அடியாகப் பிறந்தது. நாச்சியார் திருமொழியின் ஆறாம் திருமொழியில் ஆண்டாள் தம் மணக்கனவைக் கூறுமிடத்துத் தோரணத்திற்கு 'நாட்டு' என்னும் வினையை ஆள்கிறார். நாட்டப்படுவது ஊன்றி நிற்பது. வெறும் இலைக்கயிற்றை நாட்ட இயலாது. திருப்பாவையின் பதினாறாம் பாசுரத்திலும் தோரணம் வாயிலுக்கு அடையாகவே வருகிறது. இன்றைய வழக்கிலோ 'கட்டு', 'தொங்கவிடு' என்னும் வினைகளே தோரணத்தோடு சேர்கின்றன. வினை மாறியது பொருள் மாறியதற்குச் சான்று.

மாற்றத்தின் வழி

இம்மாற்றத்திற்கான வித்தும் சிலப்பதிகார வருணனையிலேயே உள்ளது. அங்குப் பிளந்த வாயினின்று முத்துவடங்கள் ஒழுகுகின்றன. நிற்கும் சட்டமும் அதில் தொங்கும் வடமும் ஒரே அமைப்பின் உறுப்புகளாகக் காட்டப்படுகின்றன. விழாக்காலத்து வாயிலில் சட்டம் நிலைத்திருக்க, அதில் தொங்கும் அணியே புதிதாகக் கட்டப்படுகிறது. கண்ணைக் கவர்வதும் அதுவே. எனவே முழுமையின் பெயர் உறுப்புக்கு ஆகி, முதலாகுபெயராய் வழங்கிப் பின்னர் அதுவே இயற்பெயர்போல் நிலைபெற்றது எனக் கொள்ளலாம்.

பழம்பொருள் முற்றிலும் வழக்கிழந்துவிடவில்லை. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்தின் வாயில்மேலும், சோழர் கோயில்களின் தேவகோட்டங்களின்மேலும் செதுக்கப்பட்ட வளைவுகளைச் சிற்பக்கலை இன்றும் மகர தோரணம் என்றே வழங்குகிறது. தெலுங்கிலும் இவ்விரு பொருள்களும் உள்ளன: வாரங்கல் கோட்டையின் காகதீயர் கல்வாயிலும் தோரணம்; வீட்டு வாயிலின் மாவிலைக் கோவையும் தோரணமே.

முடிவுரை

ஆகவே, பழம்பாடல்களில் தோரணம் வருமிடங்களில் உடன்வரும் வினையை நோக்கியே பொருள் கொள்ளுதல் வேண்டும். நில், நாட்டு என வரின் வாயிலமைப்பு. கட்டு, தொங்கவிடு என வரின் தொங்கணி. இவ்வேறுபாட்டைக் கருதாது உரை எழுதின், ஆண்டாளின் கனவில் எழுந்து நிற்கும் மணவாயில் வெறும் இலைக்கயிறாகச் சுருங்கிவிடும்.