பெயரே முதல் வழிகாட்டி

நிக்டியில் வாழும் தமிழர்களுக்குத் துர்கா டேக்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சி மரங்களை வளர்த்துப் பராமரித்துவரும் அக்குன்றில் காலை நடை செல்வோர் ஏராளம். அங்குள்ள பறவைகளை அடையாளம் காணக் கற்க விரும்புவோர், விவரம் அறிந்த ஒருவருடன் விடியற்காலையில் செல்வது நன்று.

பெரும்பாலோர் முதலில் கேட்பது, எந்த இருகண்ணோக்கியை வாங்கலாம் என்பதே. 8x42 என்ற அளவு போதும். எட்டு மடங்கு உருப்பெருக்கம். முன்வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர். பத்து மடங்குக் கருவியில் கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும். காட்சிப் பரப்பும் குறுகும். ஆயினும் முதல் சில நடைகளுக்கு இரவல் கருவியே போதுமானது. அப்போது உண்மையில் தேவைப்படுபவை காதும் பெயர்களுமே.

புனே நகரின் கசபா பேட்டையில் 'தாம்பட் ஆளி' என்றொரு தெரு உண்டு. செம்புப் பாத்திரம் அடிப்போர் தலைமுறைகளாக வாழும் இடம். மராட்டியில் 'தாம்பட்' என்பது ஒரு பறவைக்கும் பெயர். இலைகளுக்குள் மறைந்திருந்து, சுத்தியல் தட்டுவதுபோல் 'டுக்... டுக்...' என்று ஓயாமல் ஒலிக்கும் அப்பச்சைப் பறவையைத் தமிழில் செம்மார்புக் குக்குறுவான் என்கிறோம். மராட்டிப் பெயர் ஓசையைச் சொல்கிறது; தமிழ்ப் பெயர் மார்பின் நிறத்தைச் சொல்கிறது. இரண்டையும் அறிந்தவர், பறவையைக் காணுமுன்பே பாதி அறிந்துவிடுகிறார்.

கரிச்சானுக்கு அங்கே 'கோத்வால்', அதாவது காவல் தலைவர் என்று பெயர். தன் கூட்டருகே வரும் காகத்தையும் பருந்தையும் அது துரத்தியடிப்பதை ஒருமுறை பார்த்தவர்க்கு அதன் காரணம் விளங்கும். கூட்டமாகத் தரையில் சருகு கிளறும் காட்டுச்சிலம்பனை மராட்டியர் 'சாத்பாய்', ஏழு சகோதரர் என்பர். ஆங்கிலேயரோ ஏழு சகோதரிகள் என்றனர்! எண்ணிப் பார்த்தால் ஏழுதான் இருக்கும் என்பதில்லை.

ஆட்காட்டியின் பெயரை மட்டும் எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும். மராட்டியில் 'டிட்வி' எனப்படும் அது கூடு கட்டுவதில்லை. வெட்டவெளித் தரையில், சிறு பள்ளத்தில், கற்களோடு கற்களாகத் தோன்றும் முட்டைகளை இடும். பெரும்பாலும் நான்கு இருக்கும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் அது தலைக்கு மேல் கத்திச் சுற்றினால், முட்டை அருகில் உள்ளதென்று பொருள். கோடை வெயிலில் தாய்ப்பறவை தன் உடலால் நிழல் தந்து முட்டைகளைக் காக்கிறது. நல்லதொரு படத்துக்காக நாம் நிற்கும் சில நிமிடங்கள் அந்நிழலை விலக்கிவிடும், கரு வெந்துபோகலாம். எனவே வந்த வழியே திரும்ப வேண்டும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

மராட்டிப் பறவைப் பெயர்களைத் தொகுத்தவர்களுள் முதன்மையானவர், வன அலுவலராகப் பணியாற்றிய எழுத்தாளர் மாருதி சிதம்பள்ளி. அவர் பிறந்தநாளான நவம்பர் 5 முதல், சலீம் அலியின் பிறந்தநாளான நவம்பர் 12 வரை மகாராஷ்டிரத்தில் பறவை வாரம் கொண்டாடப்படுகிறது. வலசைப் பறவைகள் வந்திருக்கும் காலம் என்பதால் தொடக்கநிலையினர்க்கு இது ஏற்ற வாரம்.

பிப்ரவரியில் உலகெங்கும் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்தவற்றை 'இ-பேர்ட்' தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். காகமும் மைனாவும் மட்டுமே கண்ணில் பட்டாலும் அப்பட்டியலை ஏற்றுக்கொள்வார்கள்.