லேபில் ஓடிய கடை லைவில் ஏன் படுத்தது?



இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் நம் கணினித் துறையில் பலரும் ஆன்லைன் கடையைத்தான் கையில் எடுக்கிறோம். வேர்ட்பிரஸ், அதன் மேல் ஊகாமர்ஸ், லேப் கம்ப்யூட்டரில் ஸாம்ப். எல்லாம் ஜோராக ஓடும். அதையே காசு கட்டி வாங்கிய லைவ் சர்வருக்கு மாற்றும்போதுதான் கூத்து ஆரம்பம். (சர்வர் என்று சொன்னதும் என் அம்மா, "எந்த ஓட்டல்லடா?" என்று கேட்டார். எங்க குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் ஒவ்வொரு சொல்லையும் விளக்கித்தான் ஆகணும். அந்தப் பழக்கம் இங்கேயும் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நேற்று ஓடிய அதே புரோகிராம்தான் இன்றும் இருக்கிறது. மாறியது இடம் மட்டும். ஆகவே தேட வேண்டியது கோடிங் தப்பை அல்ல. பழைய இடத்தை நம்பி அந்தக் கடை எதையெல்லாம் எடுத்துக்கொண்டது என்பதை.

முதலில் லாக் ஃபைலைப் படியுங்கள். கண்டபடி பிளக்இன்களை அழிக்காதீர்கள். கடை திறக்காவிட்டால், வேர்ட்பிரஸ் "கிரிட்டிகல் எரர்" என்று ஒரு வரி மட்டும் காட்டும். அதை வைத்து ஒன்றும் புரியாது. கான்ஃபிக் ஃபைலில் டீபக், டீபக் லாக் இரண்டையும் ட்ரூ என்றும், டீபக் டிஸ்ப்ளேயை ஃபால்ஸ் என்றும் வையுங்கள். எந்த ஃபைலில் எந்த வரியில் மாட்டிக்கொண்டது என்பது லாகில் விழும். வேலை முடிந்ததும் டீபக்கை அணைத்துவிட்டு அந்த லாகையும் அழித்துவிடணும். இல்லையென்றால் ஊரே படிக்கும்.

டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எரர் வந்தால் ரொம்ப யோசிக்க வேண்டாம். ஸாம்பில் யூசர் ரூட், பாஸ்வேர்ட் காலி. ஹோஸ்டிங்கில் இரண்டும் வேறு. கான்ஃபிக் ஃபைலில் மாற்றினால் தீர்ந்தது.

அடுத்தது கொஞ்சம் ஏமாற்றுகிற விஷயம். கடையின் முகவரி டேட்டாபேஸில் ஆப்ஷன்ஸ் டேபிளில் இரண்டு இடத்தில் இருக்கிறது: ஹோம், சைட்யுஆர்எல். அவை இன்னும் லோக்கல்ஹோஸ்ட் என்றே இருந்தால், பார்க்கிற ஆளை அவரவர் கம்ப்யூட்டருக்கே திருப்பி அனுப்பும். உங்கள் லேப்டாப்பில் ஸாம்ப் ஓடிக்கொண்டிருந்தால் கடை சூப்பராகத் தெரியும்! பக்கத்து சீட் நண்பனின் போனில் திறக்கவே திறக்காது. அதனால் லைவ் கடையை எப்போதும் வேறு போனில், மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

சரி, டேட்டாபேஸை நோட்பேடில் திறந்து எல்லா இடத்திலும் ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டுவிடலாமா? கூடவே கூடாது. பல செட்டிங்குகளை பிஎச்பி சீரியலைஸ் செய்து வைத்திருக்கும். அதாவது, "இதோ 22 எழுத்துள்ள சொல்" என்று நீளத்தையும் சேர்த்தே எழுதியிருக்கும். நீங்கள் 30 எழுத்து முகவரியைத் திணித்தால் கணக்கு உதைக்கும். விட்ஜெட், தீம் செட்டிங் எல்லாம் காணாமல் போகும். டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை நீளத்தையும் திருத்திக்கொள்ளும். அதற்கு முன்னால் ஒரு பேக்கப்.

முகப்பு வருகிறது, பொருள் பக்கம் மட்டும் 404 என்றால், பெர்மாலிங்க் செட்டிங்கைத் திறந்து எதையும் மாற்றாமல் சேவ் அழுத்துங்கள். அப்பாச்சி சர்வரில் எச்டிஆக்சஸ் ஃபைல் புதிதாக எழுதப்படும். என்ஜின்எக்ஸ் சர்வர் அந்த ஃபைலைத் திரும்பியும் பார்க்காது, அங்கே விதியைத் தனியாக எழுதணும். சில படங்கள் மட்டும் தெரியாவிட்டால் ஃபைல் பெயரைப் பாருங்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. படம் அப்லோடே ஆகவில்லை என்றால் பர்மிஷன்: ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. "777 போடு, ஓடிடும்" என்று சீனியர் யாராவது சொல்வார். ஓடும்தான். ஆனால் அந்த சர்வரில் புகுந்த எவனும் அதில் எழுதலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கோளாறுகள். பணம் செலுத்தும் இடத்தில் வருவது கண்ணுக்கே தெரியாது. ரேசர்பே போன்ற பேமென்ட் கேட்வேயில் டெஸ்ட் கீ, லைவ் கீ என்று இரண்டு உண்டு. டெஸ்ட் கீயோடு கடையைத் திறந்துவிட்டால், பயிற்சிக்கென்று வெளிப்படையாகக் கொடுத்திருக்கிற டெஸ்ட் கார்டு எண்ணைப் போட்டு எவரும் ஆர்டர் செய்யலாம். கடைக்காரர் பார்சல் அனுப்புவார், பேங்கில் ஒரு பைசா ஏறாது.

இதற்கு நேர்மாறானது இன்னும் கொடுமை. பணம் வந்ததும் கேட்வே நம் சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பும்; அதற்கு வெப்ஹுக் என்று பெயர். முகவரி தப்பாக இருந்தால் செய்தி வராது. பணம் கட்டியவரின் பிரவுசர் நடுவில் மூடிக்கொண்டால் ஆர்டர் "பெண்டிங்" என்றே நிற்கும். ஸ்டாக் கணக்கு வைத்திருந்தால், ஊகாமர்ஸ் வழக்கமாக 60 நிமிடம் பார்த்துவிட்டு அந்த ஆர்டரை ரத்து செய்யும். ஒரே ஒரு பீஸ் உள்ள கைத்தறிச் சேலை என்று வையுங்கள். அது மறுபடி கடையில் தெரியும், இன்னொருவர் வாங்குவார். ஒரு சேலைக்கு இரண்டு பேர் பணம் கட்டியாச்சு! கடைக்காரருக்கு வெப்ஹுக் எல்லாம் தெரியாது. திட்டு வாங்கப்போவது அவர்தான்.

கேஷ் பிளக்இன் போடுபவர்கள் கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் பக்கங்களை அதிலிருந்து விலக்கிவிடுங்கள். ஒருவர் முகவரி இன்னொருவர் திரையில் தெரிந்தால் விளையாட்டல்ல.

கடையை ஒப்படைக்கும் முன் ஒரு ரூபாய்க்கு ஒரு பொருள் வைத்து, லைவ் கீயில், உங்கள் சொந்தப் பணத்தில் வாங்குங்கள். பணம் கட்டியதும் கடைக்குத் திரும்பும் முன் பிரவுசரை மூடிவிடுங்கள். ஆர்டர் "பிராசஸிங்" ஆகிறதா, கேட்வே கணக்கில் அதே தொகை தெரிகிறதா, மெயில் ஸ்பாமில் விழாமல் வருகிறதா பாருங்கள். பிறகு ரீஃபண்ட் கொடுத்து, அதுவும் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த ஒரு ரூபாய்ப் பொருளை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.