துள்ளும் அம்புக்குறி

பொங்கலுக்கு ஊர் செல்ல, காலை 10 மணிக்குத் திறக்கும் தட்கல் முன்பதிவுக்காகக் கணினி முன் அமர்ந்திருக்கிறோம். பெயரும் வயதும் நிரப்பியாயிற்று. அந்நேரம் பார்த்து அம்புக்குறி திரையெங்கும் துள்ளுகிறது! தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர்க்கு இத்தொல்லை புதிதன்று. எனினும் உடனே புதிய மவுஸ் வாங்க வேண்டுவதில்லை.

மவுஸின் அடியில் சிறு விளக்கும், அதனருகே நுண்ணிய ஒளிப்படக் கருவியும் உள்ளன. அக்கருவி மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படம் பிடித்து, ஒரு படத்தை அடுத்த படத்தோடு ஒப்பிட்டே நகர்வை அறிகின்றது. கண்ணாடி மேசையிலோ ஒப்பிடுதற்குரிய சொரசொரப்புத் தென்படுவதில்லை. ஆதலின் அது தடுமாறுகின்றது. பளபளப்பில்லாத வெள்ளைத்தாள் ஒன்றை விரித்தாலே பெரும்பாலும் குணமாகும். மவுஸைக் கவிழ்த்து அடித்துளையையும் பார்ப்போமாக. அதில் சிக்கிய ஒற்றைத் தலைமுடி போதும், அம்புக்குறியை ஆட்டிவைக்க.

கம்பியில்லா மவுஸாயின் முதலில் மின்கலத்தை மாற்றுவோம். பின்னும் துள்ளினால் குற்றம் அண்டை வீட்டினது! இவ்வகை மவுஸ் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குவது. யூ.எஸ்.பி. 3.0 கருவிகள் அவ்வலையில் இரைச்சல் எழுப்புவதை இன்டெல் நிறுவனம் 2012-இல் விளக்கியது. ஆகவே மவுஸின் சிறு ஏற்பியை, வெளி வன்தட்டின் பக்கத்திலிருந்து எடுத்துத் தொலைவான துளையில் செருகுதல் நலம். ஒருமுறை அழுத்த இருமுறை பதியுமாயின், பொத்தானின் அடியிலுள்ள விசை தேய்ந்திருக்கக் கூடும். அதற்குத் துடைப்பது பயன்படாது.

மணி பத்தாகிவிட்டதெனில் இவ்வாராய்ச்சியெல்லாம் பிறகு. டேப் விசையால் கட்டம் கட்டமாக நகர்ந்து, என்டர் விசையை அழுத்திச் சீட்டைப் பெற முயல்வோம்.