விரால் மூச்சு விடும் இடத்தில் தூண்டில் போடலாம். குஞ்சு மேயும் இடத்தில் வேண்டாம்... ஏன்?

வில்லியனூரை அடுத்த பிள்ளையார்குப்பத்தில், சங்கராபரணி ஆற்றின் குறுக்கே பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஒரு படுகை அணை கட்டப்பட்டது. 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்து செய்தியானதே, அதேதான். இதுபோல நீர் தேங்கி, ஓரத்தில் கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய இடம்தான் விராலுக்குப் பிடித்தமான வீடு.

விரால் அலைந்து திரிந்து வேட்டையாடாது. செடி மறைவில் அசையாமல் கிடக்கும். தவளையோ சிறு மீனோ பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல். ஆனால், அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. செவுள் மட்டும் அதற்குப் போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். மேலே வர முடியாதபடி வலையில் சிக்கினால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். மீனுக்கே இந்தக் கதி!

அந்த மூச்சுதான் விராலைக் காட்டிக்கொடுக்கிறது. காற்றில்லாத காலை நேரத்தில் கரையில் சத்தமில்லாமல் நின்றால், 'களக்' என்று நீர் கலங்குவது தெரியும். அதன் தலைமேலேயே இரையைப் போட்டால் மிரண்டு ஓடிவிடும். சற்றுத் தள்ளிப் போட்டு, அந்த இடம் வழியாக மெதுவாக இழுத்து வரணும். இப்போது பலரும் ரப்பர் தவளை பயன்படுத்துகிறார்கள். முள் மேல்நோக்கி உடலோடு ஒட்டியிருப்பதால் செடியில் சிக்காது. மீன் கவ்வி அழுத்தும்போதுதான் முள் வெளியே வரும். தண்ணீர் தெறித்ததும் அவசரப்பட்டு இழுத்தா போச்சு! நரம்பில் கனம் தெரியும்வரை பொறுத்து, பிறகு அழுத்தமாக ஒரு வெட்டு. வாய் எலும்பு கெட்டி, மெதுவாக இழுத்தால் முள் இறங்காது.

ஆற்று வாளை வேறு ரகம். (சந்தையில் வெள்ளி நாடா போலக் கிடக்கும் கடல் வாளை அல்ல.) செதில் இல்லாத, அகன்ற வாயுள்ள இது இரவில்தான் இரை தேடும். ஆழமான மடுவில் ஈயக்குண்டு கட்டி, சிறு மீனை இரையாக வைப்பார்கள். சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழியும் ஆபத்துள்ள இனமாகப் பட்டியலிட்டுள்ளது. மாட்டினாலும் திரும்ப விட்டுவிடுவதே நல்லது.

விராலைப் பிடிக்க இன்னொரு சுலபமான வழியும் இருக்கிறது. சிக்கலே அதில்தான். அதன் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில், பந்துபோலத் திரண்டு நீர்மட்டத்தில் மேயும். அடியில் பெற்றோர் காவல் இருக்கும். அங்கே எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். பசியில் அல்ல, குஞ்சைக் காக்கும் கோபத்தில். அதனால் பெரிய மீன் நிச்சயம் சிக்கும். ஆனால் காவல் போன சில மணி நேரத்திலேயே கெளுத்தியும் கொரவையும் குஞ்சுகளைத் தின்ன வந்துவிடும். ஒரு விரால் சட்டிக்கு வர, நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் போகும்.

மருந்து கலந்தும் வெடி போட்டும் மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. குஞ்சுக் காவலில் இருக்கும் விராலுக்கு அந்தச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இல்லை. தண்ணீரில் செம்மஞ்சள் திட்டு தெரிந்தால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு பத்தடி தள்ளிப் போவது தூண்டில்காரர் கையில்தான் இருக்கிறது.